பேக்கிங்: புதிதாகத் தொடங்கும் தம்பிகளுக்கு

உள்ளாடைக்குள் ஆணுறுப்பின் மேடு தெரியும்படி ஒன்றை வைத்துக்கொள்வதுதான் பேக்கிங். பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் பலர் இதைச் செய்கிறோம். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத சிலரும் செய்கிறார்கள். விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம், அதனால் யாருடைய ஆண்மையும் குறையாது. ஆனால் விரும்புகிறவருக்கு, கால்சட்டை அணிந்து கண்ணாடி முன் நிற்கும்போது கிடைக்கும் நிம்மதி மிகப் பெரியது.

முதலிலேயே பணம் செலவழிக்காதீர்கள். மெல்லிய காலுறை ஒன்றைச் சுருட்டி இன்னொன்றுக்குள் திணித்து, இறுக்கமான உள்ளாடையின் முன்பக்கம் வையுங்கள். அளவு சிறியதாகவே இருக்கட்டும், தம்பி. இயல்பான மேடு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. வீட்டில் உட்கார்ந்து, நடந்து, படியேறிப் பார்த்துவிட்டு வெளியே போங்கள். நகர்ந்தால், உள்ளாடையின் உட்புறம் ஒரு சிறு துணிப்பை தைத்துக்கொள்ளலாம்.

பழகிய பிறகு, பேக்கர் எனப்படும், ஆணுறுப்பு வடிவில் மென்மையான சிலிகோனால் செய்ததை வாங்கலாம். நகராமலிருக்க அதில் ஊக்கு குத்தினால் கிழிந்துவிடும். தினமும் மிதமான சோப்பில் கழுவி, நன்றாக உலர்த்தியே அணியுங்கள். வியர்வையும் ஈரமும் தோலைப் புண்ணாக்கும். சிவந்தாலோ அரித்தாலோ கழற்றிவிடுங்கள். ஆறும்வரை காலுறையே போதும். ஆறாவிட்டால் மருத்துவரிடம் தயங்காமல் காட்டுங்கள்.