உக்காருற பிக்கப்பு, குதிக்கிற பிக்கப்பு

தைப்பூசம் நெருங்குனா போதும், பிக்கப்புல ஜென்செட்டு (ஜெனரேட்டர்) இழுக்குற நம்ம பயலுங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறானுங்க, "அண்ணே, ட்ரெய்லர் மாட்டுனா வண்டி பின்னாடி உக்காந்துருது, ஏர்பேக் போட்டா சரியாயிருமா"ன்னு. பின் ஆக்ஸிலுக்கும் வண்டி அடிச்சட்டத்துக்கும் (சேஸி) நடுவுல வைக்கிற காத்துப் பை அது, போட்டா உக்காராது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பினாங்கு பாலத்துல ஏறுனதும் ஜாயிண்டுக்கு ஜாயிண்டு தட்டி மூக்கு மேல, வாலு கீழன்னு ஒரு குதி குதிக்குதே, அது போகுமான்னு கேட்டா போகாது, சில வண்டியில இன்னும் மோசமாத்தான் ஆகும். உக்காருறது ஒரு வியாதி, குதிக்கிறது வேற வியாதி, ரெண்டுக்கும் ஒரே மருந்த வாங்கி ஊத்துனா எப்படி?

நான் மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த் பக்கம், தொழில் ஜென்செட்டு, லைட்டு, சவுண்டு. ட்ரெய்லரோட சேத்து ஒன்றரை டன்னு கிட்ட வரும். தைப்பூசத்துக்கு ஜாலான் உத்தாமா தண்ணீர் பந்தலுங்க, மத்த நாள்ல சுங்கை பட்டாணி, நிபோங் திபால், சில சமயம் ஈப்போ வரைக்கும் கோயில் திருவிழா. 1985-ல திறந்த பழைய பாலம் பதிமூணரை கிலோமீட்டர், 2014-ல திறந்த ரெண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அவ்ளோ தூரமும் தட்டிக்கிட்டே போனா டிரைவருக்கு மட்டும் இல்ல, ஜென்செட்டு ரேடியேட்டர் மவுண்டுக்கும் வலிக்கும்.

முதல்ல காசு செலவில்லாத வேலை. கொக்கி பந்து (பிக்கப்பு பின்னாடி ட்ரெய்லர மாட்டுற உருண்டை) மேல எத்தன கிலோ உக்காருதுன்னு பாருங்க. ட்ரெய்லர் மொத்த எடையில பத்துல ஒரு பங்கு அங்க இருந்தா நல்லது, கொஞ்சம் கூடினாலும் பரவால்ல, ரொம்ப குறைஞ்சா ட்ரெய்லர் இடது வலதா ஆட்டம் போட ஆரம்பிச்சிரும், அது குதிக்கிறத விட ஆபத்து. அளக்குறது ஈசி: ஒரு கெட்டியான பலகை, ஒரு முனைய செங்கல் மேல வச்சு மறுமுனைய வீட்டுல எடை பாக்குற தராசு மேல வைங்க, செங்கல்லேர்ந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல ட்ரெய்லர் மூக்க இறக்குங்க, தராசு காட்டுறத மூணால பெருக்குங்க, முடிஞ்சது. மூக்கு எந்த உயரத்துல பந்துல மாட்டுமோ அதே உயரத்துல வச்சு அளக்கணும், இல்லன்னா கணக்கு மாறும்.

இந்த எடை சின்னதா தெரியும், ஆனா பண்ற வேலை பெருசு. டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப்பு (ரெண்டு வரிசை சீட்டு) பிக்கப்புக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 3085 மில்லிமீட்டர். பந்து பின் ஆக்ஸிலுக்கு ஒண்ணே கால் மீட்டர் பின்னாடி இருக்குன்னு வச்சுக்குங்க. 150 கிலோ அங்க இறங்குனா பின் ஆக்ஸில் மேல ஏறுறது 150 இல்ல, 210 கிலோ. மீதி 60 எங்கேர்ந்து வந்துச்சு? முன் சக்கரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தது. அதான் ஸ்டியரிங் லேசாகுது, ராத்திரியில எதிர்ல வர்றவன் கண்ணுல லைட்டு அடிச்சு அவன் நம்மள திட்டுறான். இந்த லட்சணத்துல கேபிள் சுருளு, டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸு எல்லாத்தையும் இறக்க வசதியா இருக்குன்னு டெயில்கேட் ஓரமாவே அடுக்குறது! கேபின் பக்கம் தள்ளி அடுக்குங்க லா, பாதி பிரச்சனை அங்கயே முடியும். டீசல் டேங்க் எங்க இருக்குன்னும் பாருங்க, 100 லிட்டர் டீசல் 84 கிலோ கிட்ட, அது ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறத வச்சு போறப்ப ஒரு மாதிரியும் திரும்பி வர்றப்ப வேற மாதிரியும் இழுக்கும்.

இதெல்லாம் பாத்தும் உக்காந்தா அப்புறம்தான் ஸ்பிரிங்.

பிறை பக்கம் ஒரு சீன அங்கிள் ஸ்பிரிங் கடை வச்சிருக்காரு, லோரி ஸ்பிரிங் தான் அவருக்கு சோறு. அவரு முதல்ல கேக்குறது "எப்பவும் பாரமா, எப்பவாவது பாரமா"ன்னுதான். அந்த ஒரு கேள்வியில எல்லாமே அடங்கிருச்சு. தினமும் பாரம்னா லீஃப் ஸ்பிரிங்குல ஒரு பட்டை சேக்கலாம், இல்ல செட்டையே கனமானதா மாத்தலாம். என்னைக்கோ ஒரு நாள்னா அது வேண்டாம், மத்த நாள்ல காலி வண்டி ஓட்டுறப்ப இடுப்பு போயிரும். அதுக்குத்தான் கம்பெனிக்காரனே அடியில ஒரு தடிச்ச பட்டைய தனியா விட்டிருப்பான், பாரம் ஏறுனா மட்டும் அது மேல பட்டைய தொட்டு வேலைக்கு வரும். பட்டை சேக்குறப்ப வளைவ ரொம்ப ஏத்திட்டாங்கன்னா பின்னாடி ஷேக்கிள் (ஸ்பிரிங் முனைய சேஸியோட இணைக்கிற, ஆடுற துண்டு) கோணம் கெட்டுரும், ஸ்பிரிங் நீள இடமில்லாம ரோட்டுல இருக்குற ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டுல தெரியும். ஸ்பிரிங் முரட்டுதனமா இருக்குன்னு திட்டுற பாதி பேரு வண்டியில ஷேக்கிள் தான் குத்தவாளி, இல்லன்னா காஞ்சு போன ரப்பர் புஷ்.

ஏர்பேக் எப்பவாவது இழுக்குறவனுக்கு. பாரத்துக்கு ஏத்த மாதிரி காத்த ஏத்தலாம் இறக்கலாம், காலியா இருக்குறப்பவும் 5 பிஎஸ்ஐ மாதிரி கொஞ்சம் விட்டு வைக்கணும், இல்லன்னா பேக் மடிஞ்சு உரசி ஓட்டையாகும். ரெண்டு பேக்குக்கும் தனித்தனி குழாய் இழுக்கச் சொல்லுங்க. ஒரே குழாயில 'T' மாதிரி கிளை போட்டு இணைச்சா வளைவுல வெளிப்பக்க பேக்குல இருக்குற காத்து உள்பக்கம் ஓடும், வண்டி இன்னும் சாயும். போமன் (மெக்கானிக்கு) "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ம்பாரு, ஒண்ணு இல்ல.

ஏர்பேக்குல இன்னொரு விஷயம் இங்க யாரும் பேசுறதில்ல. லீஃப் ஸ்பிரிங் சேஸிய ரெண்டு இடத்துல தாங்குது, முன்னாடி ஹேங்கர், பின்னாடி ஷேக்கிள். ஏர்பேக் ஆக்ஸிலுக்கு நேர் மேல ஒரே இடத்துல முட்டு குடுக்குது. அதுக்கு பின்னாடி தொட்டியில சாமான், அதுக்கும் பின்னாடி கொக்கி பாரம், எல்லாம் அந்த ஒரு இடத்துல சேஸிய மடக்கப் பாக்கும். ஆஸ்திரேலியாவுல டபுள் கேப் பிக்கப்புல கேரவன் இழுக்குறவங்க சிலருக்கு சேஸியே வளைஞ்சு போயிருக்கு. பேக்க ஊதி வண்டிய நிமித்தி வச்சுட்டா பாரம் இருக்குறதே கண்ணுக்கு தெரியாது, அதனால இன்னும் ஏத்துவானுங்க. ஆனா வண்டி எவ்ளோ தாங்கும்னு கம்பெனிக்காரன் போட்ட கணக்கு பேக் போட்டதால ஒரு கிலோ கூட கூடாது. ஜேபிஜே (ரோட்டு போக்குவரத்து இலாகா) கிட்டயும் முதல்ல விசாரிச்சுட்டு கை வைங்க, அப்புறம் ரோட்டுல நின்னுக்கிட்டு விளக்கம் சொல்ல முடியாது.

சரி, குதிக்கிறதுக்கு வர்றேன். பாரம் ஏத்துன பிக்கப்புக்கு பின்பக்கம் நொடிக்கு ஒரு தடவைலேர்ந்து ரெண்டு தடவ வரைக்கும் மேல கீழ ஆடுறது அதோட சுபாவம். 72 கிலோமீட்டர் வேகத்துல போனா நொடிக்கு 20 மீட்டர். ரோட்டு ஜாயிண்டு 20 மீட்டருக்கு ஒண்ணு இருந்துச்சுன்னா நொடிக்கு ஒரு தட்டு, வண்டியும் அதே தாளத்துல ஆடுற வண்டியா இருந்தா ஒவ்வொரு தட்டும் முந்தின ஆட்டத்து மேல ஏறி உக்காரும். சோதிச்சு பாக்கணும்னா வேகத்த பத்து கிலோமீட்டர் குறைச்சு பாருங்க, சட்டுன்னு அடங்கிருச்சுன்னா இதுதான் விஷயம்.

இத அடக்குறது ஸ்பிரிங் இல்ல, அப்சோர்பர். அப்சோர்பர் ஒரு கிலோ பாரம் கூட தூக்காது, எண்ணெய சின்ன ஓட்டை வழியா தள்ளி ஆட்டத்த சூடாக்கி விடுறது மட்டும்தான் அதுக்கு தெரிஞ்ச வேலை. கம்பெனியில வர்றது காலி வண்டிக்கு கணக்கு பண்ணி போட்டது, பாரம் ஏறுனா தாங்காது. அதுக்கு மேல நீங்க கனமான ஸ்பிரிங்கோ ஏர்பேக்கோ போட்டா, அமுங்குன ஸ்பிரிங் திரும்பி எழும்புற வேகம் இன்னும் கூடும், அத புடிச்சு இழுக்க ரீபவுண்ட் பக்கம், அதாவது திரும்பி எழும்புறப்ப, பலமான அப்சோர்பர் வேணும். பேக் போட்டுட்டு பழைய அப்சோர்பரோட ஓட்டுறவன் வண்டி முன்ன விட அதிகமா குதிக்கிறது இதனாலதான். நைட்ரஜன் அழுத்தத்துல எண்ணெயும் காத்தும் தனித்தனியா இருக்குற மோனோட்யூப் வகை நீண்ட தூரத்துக்கு நல்லது, எண்ணெய் நுரைக்காது. சாதாரண ட்வின் ட்யூப்ல எண்ணெயும் காத்தும் கலந்து நுரை வந்துருச்சுன்னா தைப்பிங் தாண்டுறதுக்குள்ள அப்சோர்பர் இருக்கா இல்லையான்னே தெரியாது. என்னைக் கேட்டா கையில ஒரு செட்டுக்குத்தான் காசு இருக்குன்னா அப்சோர்பர் வாங்குங்க, பேக் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

டயர் பத்தி ரெண்டு வரி. பக்கவாட்டுல 112ன்னு போட்டிருந்தா ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், ஆனா அதுக்கு காத்து சரியா இருக்கணும். டிரைவர் கதவு ஸ்டிக்கர்ல பாரத்துக்குன்னு தனி பிஎஸ்ஐ போட்டிருப்பான், அத யாரும் படிக்கிறதில்ல. காத்து கம்மியா இருக்குற டயரே ஒரு ஸ்பிரிங் மாதிரி குழையும், அப்புறம் மேல என்ன மாட்டியும் பிரயோஜனம் இல்ல.

ஸ்பிரிங்க கழட்டி மாட்டுனா ஸ்பிரிங்க ஆக்ஸிலோட கட்டுற யூ போல்ட்ட ஐநூறு கிலோமீட்டர் ஓடுனப்புறம் திரும்ப டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கணும், பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு செட்டாகி போல்ட்டு லூசாகும். கடையில அவங்களா கூப்பிட மாட்டாங்க, நாமதான் போகணும்.

இவ்ளோ பண்ணியும் என் செட்டுல கொஞ்சம் தட்டு மிச்சம் இருக்கு, அது பிக்கப்போடது இல்ல, ட்ரெய்லரோடது. நம்ம ஊர்ல நான் பாத்த ஜென்செட்டு ட்ரெய்லர்ல முக்காவாசிக்கு வெறும் லீஃப் ஸ்பிரிங் மட்டும்தான், அப்சோர்பரே கிடையாது, அது தன் பாட்டுக்கு குதிச்சு பந்து வழியா நம்ம வண்டிய உலுக்கும். மூக்கு தூக்கிக்கிட்டு நிக்காம ட்ரெய்லர் தரைக்கு மட்டமா இருக்குற மாதிரி பந்து உயரத்த மாத்துனதுல பாதி குறைஞ்சுது. மீதிக்கு ஆக்ஸில்ல ப்ராக்கெட் வெல்டு பண்ணி சின்ன அப்சோர்பர் ரெண்டு மாட்டலாம்னு அங்கிள் சொல்றாரு. ஆனா ஆக்ஸில் குழாயில எங்க வேணும்னாலும் வெல்டு வச்சிர முடியாது, அடியிலயும் மேலயும் வச்சா அங்கதான் விரிசல் விழும், நடு உயரத்துல முன்பக்கமோ பின்பக்கமோதான் வைக்கணும். தைப்பூசம் முடியட்டும், ட்ரெய்லர் காலியா இருக்குறப்ப கொண்டு போய் விடலாம்னு இருக்கேன்.