மேஸ்திரி குடும்பம் கம்பெனி ஆன கதை

அப்பாவிடம் விசிட்டிங் கார்டுகூடக் கிடையாது. ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை யாரிடம் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள், அது போதாதா என்பார். கணக்கெல்லாம் ஒரு சிவப்பு அட்டை நோட்டில் இருந்தது. எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட், எந்தச் சித்தாளுக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்று அவருக்கு மட்டுமே புரிகிற சுருக்கெழுத்து. நான் பி.காம். முடித்து வீட்டில் இருந்தபோது, சும்மாதானே இருக்கிறாய் என்று அந்த நோட்டை என்னிடம் தள்ளினார். அன்றைக்கு மாட்டியவள்தான்.

அரசு வேலை எடுக்கவேண்டும் என்பது அண்ணன் ஆசை. அதற்கு மேஸ்திரி போதாது, நிறுவனம் வேண்டும். அப்பா, சித்தப்பா, அண்ணன் மூவரும் பங்குதாரர்கள் என்று முடிவானது. பத்திரம் எழுத உட்கார்ந்த பிறகுதான் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சே எங்கள் வீட்டில் முதன்முதலாக வந்தது. சித்தப்பா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. "நூத்துக்கு இருபதுதானா மதினி?" என்று அம்மாவிடம்தான் கேட்டார், அப்பாவிடம் கேட்கவில்லை. கடைசியில் 40, 30, 30 என்று முடிந்தது. என் பெயர் அதில் இல்லை. அது வேறு கதை.

பான் கார்டு, கரண்ட் அக்கவுண்ட், ஜிஎஸ்டி எல்லாம் சுலபமாகவே முடிந்தன. ஒப்பந்ததாரர் பதிவில்தான் ஆறு மாதம் அலைந்தோம். முன் அனுபவத்துக்குச் சான்று கேட்டார்கள். அப்பா கட்டிய வீடுகள் நிற்கின்றன, ஆனால் ஒன்றுக்கும் ஒப்பந்தக் காகிதம் இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. வேலையைத் தாங்கும் அளவுக்குச் சொத்து இருக்கிறது என்று தாலுகா ஆபீஸில் தரும் சால்வன்சி சான்றிதழுக்குச் சொத்து காட்டலாம் என்றால் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. பட்டா மாற்றிவிட்டுத் திரும்பவும் தாலுகா ஆபீஸ் படியேறினோம். கிடைத்தது கடைசி வகுப்புப் பதிவு, சின்ன வேலைகள் மட்டும்தான் எடுக்கலாம்.

முதல் டெண்டர் இரண்டு வகுப்பறைகள். கான்கிரீட் போடும் முன் பொறியாளர் தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார். "முப்பது வருசமா இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் கட்டுறோம் சார்" என்றார் அப்பா. ரிப்போர்ட் வந்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் இருக்கலாம், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்புச் சத்து அது. எங்கள் கிணற்றில் அதைப்போல் மூன்று மடங்கு. எனக்குச் சித்தப்பா வீட்டு சன்ஷேடு ஞாபகம் வந்தது. கட்டி எட்டு வருடத்தில் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. உப்புக் காத்துதான் காரணம் என்று இத்தனை நாளும் காற்றையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். காற்றும் காரணம்தான், ஆனால் உப்பைக் கலவையிலேயே ஊற்றியவர்கள் நாங்கள்.

அன்றிலிருந்து டேங்கர் தண்ணீர். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டை வைக்கும் பழக்கம் போய், கம்பியை ஒரே அளவில் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை வந்தது. கடற்கரைக் காற்று படுகிற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி அவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட், வேண்டும் என்று பொறியாளர் டேப்பை வைத்து அளந்தார். இதற்கெல்லாம் விலை போட்டா டெண்டரில் எழுதியிருந்தோம்? லாபத்தில் பாதி தண்ணீர் லாரிக்கே போயிற்று.

வேலை முடிந்து, பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறியும் பில் பணம் வர ஐந்து மாதம். அதுவரை ஆள் கூலிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அரசு வேலை எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டெண்டர் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள், ஆறு மாதம் பில் வராவிட்டாலும் கூலி கொடுக்கக் கையில் காசு இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது நான்காவது வேலை நடக்கிறது. இரண்டு மிக்சர் மெஷின் சொந்தமாக இருக்கிறது, சங்கிலியும் திரும்பிவிட்டது. தண்ணீர் லாரி வந்தால் அப்பா முதலில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கிறார். அப்புறம்தான் என்னிடம் ரிப்போர்ட் கேட்கிறார்.