டேக் ஓகே சொன்ன ஆள்: சந்தான பாரதி

‘குணா’வை யார் இயக்கினார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிக்காமல் கமல்ஹாசன் என்பார்கள். ‘மகாநதி’க்கும் அதே பதில்தான் வரும். இரண்டு படங்களிலும் டைட்டிலில் இயக்குநர் என்று இருக்கும் பெயர் சந்தான பாரதி. அந்தப் பெயருக்குரிய முகத்தை எல்லோருக்கும் தெரியும். நரைத்த தாடி, முன்வழுக்கை, பெரிய கண்கள், அமித் ஷாவோடு ஒப்பிட்டு வருடக்கணக்காக ஓடும் மீம்கள். அந்த முகத்துக்கும் ‘குணா’வுக்கும் முடிச்சுப் போடத்தான் பலருக்குத் தோன்றுவதில்லை.

குடும்பத்திலிருந்து தொடங்கினால்தான் இவர் வேலை புரியும். அப்பா எம்.ஆர். சந்தானம், நடிகர். கே. மோகனோடு சேர்ந்து ராஜாமணி பிக்சர்ஸ் சார்பில் ‘பாசமலர்’ (1961) எடுத்த தயாரிப்பாளரும் அவர்தான். தம்பி ஆர்.எஸ். சிவாஜி. பெயரைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பவரிடம் “சார், நீங்க எங்கேயோ போயிட்டீங்க” என்றால் போதும், முகம் வந்துவிடும். அப்பா, இரண்டு மகன்கள், மூவருமே கேமராவுக்கு முன்னாலும் நின்றவர்கள், பின்னாலும் வேலை பார்த்தவர்கள். சிவாஜி உதவி இயக்கத்திலிருந்து லைன் ப்ரொட்யூசர் வேலை வரை செய்திருக்கிறார். நடிகர் குடும்பம் என்றால் வாரிசு ஹீரோ என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இது வேறு வகை. செட்டில் எந்த வேலைக்கும் கை கொடுக்கத் தெரிந்த குடும்பம்.

சந்தான பாரதி தொழில் கற்றது சி.வி. ஸ்ரீதரிடம். கூடவே உதவி இயக்குநராக இருந்தவர் பி. வாசு. அவரும் சினிமா வீட்டுப் பிள்ளை, எம்.ஜி.ஆரின் ஒப்பனைக்காரர் பீதாம்பரத்தின் மகன். இருவரும் பாரதி-வாசு என்று சேர்ந்து இயக்கிய முதல் படம் ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981). ஊட்டிப் பள்ளிக்கூடம், அரும்பு மீசைக் காதல், இளையராஜா இசை. சுரேஷும் சாந்தி கிருஷ்ணாவும் அதில்தான் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகம். தம்பி சிவாஜியும் அதில்தான் முதலில் தலை காட்டினார். பள்ளிக்கூடக் காதல் கதையில் விடலைத்தனம் கொஞ்சம் கூடினால் அசிங்கமாகிவிடும், குறைந்தால் பாடப் புத்தகமாகிவிடும். பிரதாப் போத்தனின் ஆசிரியர் பாத்திரத்தை நடுவில் வைத்து அந்த அளவைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த ‘மெல்லப் பேசுங்கள்’ (1983) பானுப்ரியாவின் முதல் படம்.

பிறகு ஆளுக்கொரு பாதை. அதில் 1991ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வாசுவின் ‘சின்னத் தம்பி’ வந்து தியேட்டர்களை விட்டு இறங்க மறுத்தது. நவம்பர் 5, தீபாவளிக்குப் பாரதியின் ‘குணா’ வந்தது. அதே நாளில் ‘தளபதி’. அந்தத் தீபாவளிக்கு வசூலில் எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் எல்லாருக்குமான மசாலாவின் அளவைக் கரைத்துக் குடித்தவரானார். மற்றவர் அடுத்தவர் எழுதிய சிக்கலான கதையைத் தரையிறக்கும் ஆளானார். இரண்டாவது வேலைக்கு நம் ஊரில் பெயர் கிடைப்பதில்லை.

‘குணா’வில் யார் எதைச் செய்தார்கள் என்பது தெளிவாகவே இருக்கிறது. திரைக்கதை சாப் ஜான், வசனம் பாலகுமாரன், ஒளிப்பதிவு வேணு, பாடல்கள் வாலி, இசை இளையராஜா. ‘மதிகெட்டான் சோலை’ என்ற தலைப்பும் முதலில் பேச்சில் இருந்தது. கமலின் பங்கு நடிப்போடு நிற்கவில்லை என்பதும் ஊரறிந்தது. அப்படியானால் இயக்குநருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், அன்றைய படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்று செட்டில் மானிட்டர் இருக்கிறது. நடிகர் டேக் முடிந்ததும் வந்து பார்த்து, “இன்னொண்ணு போலாம்” என்று தானே சொல்லிக்கொள்ளலாம். 1991இல் தமிழ்ப் படப்பிடிப்புகளில் அது பரவியிருக்கவில்லை. நடித்தவருக்கு, தான் செய்தது எப்படி வந்திருக்கிறது என்று அந்த இடத்தில் தெரிய வழியே கிடையாது. நெகட்டிவ் சென்னை லேபுக்குப் போய், கழுவி, பிரிண்ட் போட்டு, ரஷ் (வெட்டாமல் போட்டுப் பார்க்கும் காட்சிகள்) பார்த்தால்தான் தெரியும். கொடைக்கானல் மாதிரி அவுட்டோரில் அதற்கு நாள் கணக்காகும். அதற்குள் அந்த லொகேஷனை விட்டு யூனிட்டே கிளம்பியிருக்கும். ஆகவே லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று வெறும் கண்ணால் பார்த்து “ஓகே” என்று சொல்பவரின் தீர்ப்புதான் படம். ஃபோகஸ் சரியா என்பதை உதவி ஒளிப்பதிவாளர் சொல்வார், ஃப்ரேம் சரியா என்பதை கேமராமேன் சொல்வார். நடிப்பு சரியா, முந்தைய ஷாட்டில் விட்ட உணர்ச்சி இதில் தொடர்கிறதா என்பதைச் சொல்ல ஒருவர்தான் உண்டு. ஏறக்குறைய எல்லா ஃப்ரேமிலும் கமல் இருக்கும் படத்தில், அந்த ஒருவர் கமலாக இருக்க முடியாது.

குணா தன் அறையில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசிக் குவிக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மூச்சு விடாமல் பேச்சு, கூடவே கேமராவும் சுழல்கிறது. ஃபிலிமில் இப்படி நீளமாக எடுப்பதற்கு முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கேமராவில் 400 அடி மேகசின் (ஃபிலிம் சுருள் வைக்கும் பெட்டி) போட்டால் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். நாலாவது நிமிடத்தில் ஒரு வார்த்தை தடுக்கினாலும் முழு ரோலும் வேஸ்ட். திரும்ப லோட் செய்து, லைட்டைச் சரிபார்த்து, நடிகரை முதல் வரியின் சூட்டுக்கே கொண்டுவர வேண்டும். சுழலும் ஷாட்டில் லைட் வைக்க இடமும் கிடையாது. எந்தப் பக்கம் ஸ்டாண்ட் வைத்தாலும் ஒரு சுற்றில் அது ஃப்ரேமுக்குள் வந்துவிடும். இயக்குநர் நிற்கும் இடமும் அப்படித்தான். கேமராவோடு சேர்ந்து அவரும் சுற்ற வேண்டும், அல்லது ஒளிந்துகொண்டு காதால் மட்டும் டேக்கை எடை போட வேண்டும். நடிப்புத் தெரியாத டெக்னீஷியன் இயக்குநராக இருந்தால் இங்கே தடுமாறுவார். வசனம் தப்பில்லாமல் வந்துவிட்டதே என்று ஓகே சொல்லிவிடுவார். அந்தக் காட்சியில் வசனம் தப்பாமல் வந்தது பெரிய விஷயமில்லை. பேசுகிறவன் தன் பேச்சைத் தானே நம்புகிறானா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கொடைக்கானல் குகையில் சிக்கல் வேறு மாதிரி. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர் வாங்கிய இடம், படத்துக்குப் பிறகு ‘குணா குகை’ ஆகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஜெனரேட்டர் மேலே ரோட்டில்தான் நிற்கும். கேபிளைப் பாறை வழியே இறக்க வேண்டும். கேபிள் நீள நீள வோல்டேஜ் இறங்கும், விளக்கின் நிறம் மஞ்சளாகும். ஈரத்தில் லென்ஸ் பனிக்கும். கீழே நிற்க இடம் குறைவு என்பதால் ஆட்களையும் குறைக்க வேண்டும். ஒரு ஷாட்டுக்கான ஏற்பாடே பாதி நாளைத் தின்றுவிடும். இப்படி ஒரு இடத்தில் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டு வருகிறது. பாதி பேச்சு, பாதி பாட்டு. கமலும் ஜானகியும் பேசிப் பேசிப் பாட்டுக்குள் நுழைகிறார்கள். ப்ளேபேக் ஓடவிட்டு உதடு அசைக்கும் வழக்கமான பாட்டு இல்லை இது. பேச்சு எங்கே முடிந்து ராகம் எங்கே தொடங்குகிறது என்று நடிகர் முகத்தில் தெரியக் கூடாது. ரோஷிணிக்கு அது முதல் படம் வேறு; அவர் சிரிப்பு அலட்சியத்திலிருந்து மெல்ல இளகுவதைப் பாருங்கள். புதுமுகத்திடம் அதை வாங்குவது இயக்குநர் வேலை. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அந்தப் பாட்டை மறுபடி தெருவெங்கும் ஓடவிட்டபோது, கமலைச் சந்தித்த அந்தப் படக்குழுவோடு சந்தான பாரதியும் இருந்தார்.

‘மகாநதி’ 1994 பொங்கல் படம். கதை, திரைக்கதை கமல், வசனத்தில் ரா.கி. ரங்கராஜன், தயாரிப்பு எஸ்.ஏ. ராஜ்கண்ணு. கிருஷ்ணா, காவேரி, பரணி, யமுனா, நர்மதா என்று பெயரெல்லாம் நதியாக ஓடுவதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது அதன் எடிட்டிங். ‘ஆவிட்’ கம்ப்யூட்டரில் வெட்டப்பட்ட முதல் இந்தியப் படம் என்ற பெயர் இதற்கு உண்டு. அதற்கு முன் பாசிட்டிவ் பிரிண்டை மூவியோலா என்ற எடிட்டிங் மெஷினில் ஓட்டி, வெட்டி, டேப் ஒட்டி வேலை நடக்கும். ஒரு வெட்டை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஒட்டியதைப் பிரித்து, தொங்கவிட்ட துண்டைத் தேடி எடுத்து, மீண்டும் ஒட்ட வேண்டும். ஆவிட்டில் அப்படி இல்லை. நெகட்டிவை டெலிசினி செய்து, அதாவது வீடியோவாக மாற்றி, உள்ளே ஏற்றி, எத்தனை விதமாக வேண்டுமானாலும் அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் விளிம்பு எண்களின் பட்டியலை நெகட்டிவ் கட்டரிடம் கொடுக்கலாம். ஆபத்தும் அங்கேதான். ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம், நம்மூர் வீடியோ 25. இந்தக் கணக்கு எங்காவது பிசகினால் பட்டியலில் உள்ள எண் ஒன்றாகவும் வெட்ட வேண்டிய ஃப்ரேம் வேறாகவும் இருக்கும். நெகட்டிவை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

கல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியிலிருந்து மகளை மீட்டு வந்த பிறகு, அவள் தூக்கத்தில் உளறுவதை அப்பா கேட்கும் காட்சிதான் அந்தப் படத்தின் உயிர். படுத்திருக்கும் பெண்ணிடம் அசைவு கிடையாது, கண் மூடியிருக்கிறது. குரல் மட்டும்தான் வேலை செய்கிறது. கேட்கிறவர்கள் முகத்தில்தான் காட்சி நடக்கிறது. ரியாக்‌ஷன் ஷாட்டைக் கடைசியில் நேரம் மிஞ்சினால் எடுக்கும் ‘பேட்ச்’ வேலையாக நினைக்கும் இயக்குநர்கள் நிறைய. இங்கே காட்சியையே ரியாக்‌ஷன் மேல் கட்டியிருக்கிறார்கள். 41ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும், ஒலிப்பதிவுக்கான விருதும் ‘மகாநதி’க்குக் கிடைத்தன. ஒலிக்கு விருது கிடைத்ததை இந்தக் காட்சியோடு சேர்த்தே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு படங்களை மட்டும் வைத்துப் பேசினால் ஆள் சீரியஸ் பேர்வழி என்று தோன்றிவிடும். இடையில் பிரபுவை வைத்து ‘சின்ன மாப்ளே’ (1993) எடுத்தவரும் இவர்தான். அதுதான் இந்தியில் கோவிந்தாவின் ‘கூலி நம்பர் 1’ (1995) ஆனது. கூலிக்காரனைப் பணக்காரன் என்று நம்பவைத்துப் பெண் கட்டிவைக்கும் கதை. அதே பிரபுவோடு மலையாள ‘வியட்நாம் காலனி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் கமலின் ராஜ்கமல் தயாரிப்பில், சத்யராஜை வைத்து ‘கடமை கண்ணியம் கட்டுப்பாடு’ (1987). அதுவும் மலையாள ‘ஆவநாழி’யின் மறு ஆக்கம். அப்பா தயாரித்த ‘பாசமலர்’ படத்தின் நாயகன் சிவாஜி கணேசனை மகன் இயக்கியதும் நடந்தது: ‘என் தமிழ் என் மக்கள்’ (1988). நடிகர் திலகம் சொந்தக் கட்சி தொடங்கிய சூட்டில் வந்த படம், வசனமெல்லாம் மேடைப் பேச்சு. அதைத் தாண்டிப் போகலாம்.

1994க்குப் பிறகு நடிப்புப் பக்கம்தான் அதிகம். குணச்சித்திர நடிகனின் பிழைப்பு ஒரு தனிக் கணக்கு. பெரிய படத்தில் மொத்தமே நாலைந்து நாள் கால்ஷீட் இருக்கும், அதுவும் இரண்டு மாத இடைவெளியில் சிதறியிருக்கும். நடுவில் வேறு படத்துக்குத் தாடியை எடுத்துவிட்டால் கன்டின்யூட்டி போச்சு. அதனால் பல படங்களுக்கும் பொருந்துகிற ஒரு தோற்றத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். செட்டில் ஹீரோவின் குளோசப்பை முதலில் எடுப்பார்கள். துணை நடிகரின் சஜஷனும் (எதிராளியின் தோளுக்கு மேலாக எடுக்கும் ஷாட்) ரியாக்‌ஷனும் சாயங்காலம், லைட் போகிற நேரத்தில், எதிரில் ஹீரோ இல்லாமலே எடுக்கப்படும். உதவி இயக்குநர் வறட்டுக் குரலில் வசனம் படிக்க, வெறும் ஸ்டாண்டைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும்.

‘அன்பே சிவம்’ (2003) படத்தில் நாசரின் அடியாளாக வருகிறாரே, அதில் இந்த அனுபவம் முழுக்கத் தெரிகிறது. படம் நெடுக முதலாளியின் பக்கத்திலேயே நிற்கிறார். வசனம் கொஞ்சம்தான். நாசர் சிவபக்தியைக் குரலில் உருட்டும்போது இவர் எதுவும் செய்வதில்லை; செய்யாமல் இருப்பது கடினம், புது நடிகர்கள் தலையையாவது ஆட்டிவிடுவார்கள். அப்படி அடக்கி வைத்ததால்தான், கொல்ல வந்த இடத்தில் கமலின் நல்லசிவத்தை விட்டுவிட்டுத் திரும்பும் அந்த ஒரு காட்சி நம்பும்படி இருக்கிறது.

தம்பியின் பாணி இதற்கு நேர் எதிர். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் ஜனகராஜ் ஒவ்வொரு அபத்தமான துப்பாகக் கண்டுபிடிக்க, கான்ஸ்டபிள் சிவாஜி அந்த “எங்கேயோ போயிட்டீங்க” வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே வரி மூன்றாவது தடவை சலிக்காமல் இருக்க, ஜனகராஜ் முடித்த பிறகு விடும் இடைவெளிதான் மருந்து. சீக்கிரம் சொன்னால் எதிராளி வசனத்தின் சிரிப்பை விழுங்கிவிடும், தாமதித்தால் ஜோக் செத்துவிடும். பரவசத்தோடு சொல்கிறார், கிண்டலாக அல்ல. அதே மனிதர் ‘கார்கி’ (2022) படத்தில் சாய் பல்லவியின் அப்பாவாக வந்தபோது, அந்த அப்பாவி முகத்தை வைத்தே படம் நம்மைக் கடைசி வரை ஏமாற்றியது. 2023 செப்டம்பர் 2 அன்று சிவாஜி காலமானார். முந்தைய நாள்தான் அவர் நடித்த ‘லக்கி மேன்’ வெளியாகியிருந்தது.

அண்ணன் 2022இல் ‘விக்ரம்’ படத்தில் ஏஜென்ட் உப்பிலியப்பனாக வந்தார். தியேட்டரில் விசில் அடித்த பையன்களில் எத்தனை பேருக்கு இவர் ‘மகாநதி’யின் இயக்குநர் என்று தெரிந்திருக்கும்? தெரியாதவர்கள் ‘பன்னீர் புஷ்பங்க’ளிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்து ‘குணா’வைப் பாருங்கள், ஆனால் கமலை விட்டுவிட்டு ரேகா, ஜனகராஜ், எஸ். வரலட்சுமி மூவரையும் மட்டும் கவனியுங்கள். நாயகனை யார் வழிநடத்தியிருந்தாலும், அவர்கள் மூவரையும் வழிநடத்தியது யார் என்ற கேள்விக்குப் பதில் டைட்டில் கார்டில் இருக்கிறது.