எதிர் வீட்டுப் பாயின் மகளுக்குப் பள்ளி தேடிய கதை

ரியாத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு ஒரு வங்கதேசக் குடும்பம். அவர் குமில்லாக்காரர், ஏசி பராமரிப்பு கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நான் அவரை பாய் என்பேன், அவரும் என்னை பாய் என்பார். பேச்செல்லாம் இந்தியில், நடுநடுவே அரபி. 2022 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இரவு ஒரு தாளோடு வந்து கதவைத் தட்டினார். மகள் படித்த தனியார் ஆங்கிலப் பள்ளி அனுப்பிய கட்டண நோட்டீஸ். "பாய், இதை நல்லாப் படிச்சுச் சொல்லுங்க. நான் கூட்டிப் பார்த்தா ஒரு கணக்கு வருது, அவங்க வேற சொல்றாங்க."

அவர் கூட்டியதில் தப்பில்லை. அவர் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். சவூதியில் 2020 ஜூலை முதல் வாட் 15 சதவீதம். சவூதிப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வாட்டை அரசே ஏற்றுக்கொள்கிறது, நம் பிள்ளைகளுக்கு நாம்தான் கட்ட வேண்டும். அது போக பஸ். எல்லாம் சேர்ந்தால் நோட்டீஸின் முதல் வரியில் இருந்த தொகைக்கும் கையிலிருந்து போகிற தொகைக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கெல்லாம் மேலே குடும்ப லெவி இருக்கிறது, கூட வைத்திருக்கும் குடும்பத்தாருக்காக வெளிநாட்டுத் தொழிலாளி அரசுக்குக் கட்டுகிற தொகை. 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஆரம்பித்து, வருடம் நூறு நூறாக ஏறி, 2020இல் 400 ஆனது. பாய்க்கு மனைவி, மகள், மகன் என்று மூன்று பேர். மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரியால். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே போகிற பணம் இது. லெவி ஏற ஏறக் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு பேச்சிலர் ரூமுக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். பாயும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பாயின் மனைவி, நான் பாபி என்பேன், சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் வெள்ளி. இரண்டு பேரும் உட்கார்ந்து, கையிலிருக்கும் வழிகளை எழுதினோம். ரியாத்தில் வங்கதேசச் சமூகப் பள்ளி இரண்டு பிரிவாக நடக்கிறது. ஒன்று வங்கமொழிப் பிரிவு. ஊர்ப் பாடத்திட்டம், டாக்கா கல்வி போர்டின் பரீட்சைகள்: பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்எஸ்சி, பன்னிரண்டு முடிவில் எச்எஸ்சி. பரீட்சை மையமே இங்கே இருப்பதால் பிள்ளை அதற்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை. இன்னொன்று ஆங்கிலப் பிரிவு. பத்தாம் வகுப்பு அளவில் ஓ லெவல், பன்னிரண்டு அளவில் ஏ லெவல் என்று பிரிட்டிஷ் வழி. இரண்டுமே பெரிய சர்வதேசப் பள்ளிகளை விடக் கட்டணம் குறைவு.

பாபிக்கு ஆங்கிலப் பிரிவுதான் வேண்டும். பாப்பா ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் படித்தவள், பேசினால் பளிச்சென்று இருக்கும். அந்த ஆசையில் தவறே இல்லை, எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. அப்புறம்தான் கேட்டேன்: "பன்னிரண்டு முடிச்சதும் பாப்பா எங்கே படிக்கும்?" பாய் யோசிக்கவே இல்லை. "தேஷ்லதான் பாய், வேற எங்க?"

கணக்கு அங்கேயே திரும்பிவிட்டது. ஏ லெவல் முடித்தவர்களும் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், அந்தச் சான்றிதழை எச்எஸ்சிக்குச் சமமாகக் கணக்கிட வழி இருக்கிறது. ஆனால் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியானாலும் பொறியியலானாலும் நுழைவுத் தேர்வின் கேள்விகள் எச்எஸ்சி பாடத்திலிருந்துதான் வருகின்றன. பிரிட்டிஷ் வழியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனிப் பரீட்சைக் கட்டணம் வேறு. அது பத்தாம் வகுப்பு வயதில், மொத்தமாக, ஒரே நேரத்தில் வரும். மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பள்ளி சேர்க்கிறவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பாப்பாவை வங்கமொழிப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவானது. இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சரி, முடிவு எடுத்தாயிற்று. சேர்ப்பது வேறு கதை. பழைய பள்ளி, பாக்கி தீரும் வரை டிசி தரமாட்டோம் என்றது. பாய் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி அடைத்தார். அடுத்தது பெயர். வங்கதேசத்தில் ஆண்களின் பெயருக்கு முன்னால் மொஹம்மத் என்பதை 'எம்டி' என்று சுருக்கி எழுதுவது வழக்கம். பாயின் பாஸ்போர்ட்டில் எம்டி. மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக மொஹம்மத். இக்காமா எனும் குடியிருப்பு அனுமதி அட்டையில் அரபியில் 'ஆம் தீ' என்று அந்த இரண்டு எழுத்தையே உச்சரித்து எழுதியிருந்தார்கள். அட்டையை விளக்குக்கு நேரே பிடித்து அதைப் படித்தபோது நான் திகைத்துப் போனேன். ஒரே மனிதர், மூன்று காகிதம், மூன்று பெயர். இப்போதைக்குச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் ஒன்பதாம் வகுப்பில் போர்டுக்குப் பதிவு செய்யும்போது எழுதுகிற பெயர்தான் எஸ்எஸ்சி சான்றிதழில் வரும். அதனால் பிறப்புச் சான்றிதழை உடனே திருத்தக் கொடுத்தோம். அந்தப் பதினேழு இலக்கப் பதிவு எண் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பாப்பாவுக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. அம்மாவிடம் விடாமல் பேசுகிறவள், அச்சடித்த பக்கத்தைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டாள். அந்த எழுத்தில் கூட்டெழுத்துகள் இருக்கின்றன, யுக்தாக்ஷர் என்பார்கள். இரண்டு மெய்கள் சேர்ந்தால் சில இடங்களில் இரண்டின் உருவமும் மாறி மூன்றாவதாக ஒன்று நிற்கும். நவம்பர், டிசம்பர் முழுக்க பாபி ஒரு சின்ன வெள்ளைப் பலகையை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து, தினம் ஐந்து கூட்டெழுத்து எழுதுவார். பருப்பு கொதிக்கிற நேரத்தில் பாப்பா அதைப் பத்து முறை எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தால் அவள் வாய்விட்டுச் சொல்வது கேட்கும். என் மகளுக்குத் தமிழ் எழுத்தை இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நான் ஆரம்பித்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

ஊர்ப் பாடத்திட்டத்தில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. 2023 ஜனவரியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். அந்த வருடம்தான் வங்கதேசத்தில் ஒன்று, ஆறு, ஏழு வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. வழக்கமான பரீட்சையும் மதிப்பெண்ணும் போய், செயல்முறை வேலைகள். "மார்க் இல்லாம எப்படி பாய் தெரிஞ்சுக்கிறது?" என்று கவலைப்பட்டார். 2024இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டு, பழைய 2012 பாடத்திட்டமே திரும்ப வந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. பரீட்சை எழுதும் பழக்கம் விட்டுப்போய், எட்டாம் வகுப்பில் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

திருத்திய சான்றிதழ் வந்துவிட்டது. இந்த மாதம் மகனுடையதைக் கொடுத்திருக்கிறோம், அதிலும் தகப்பன் பெயர் முழுதாக மொஹம்மத் என்றுதான் இருக்கிறது. போன வெள்ளி, பாட்டி அனுப்பிய கடிதத்தை பாப்பா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். ஒரு கூட்டெழுத்தில் நின்றாள், பாபி வாயெடுக்கும் முன் தானே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.