தெளிந்த நீரும் பச்சை நீரும்

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஊரின் கழிவுநீரைச் சுமந்து வரும் கோடப்பமந்து கால்வாய் உதகை ஏரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக, அதன் நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வந்து வீட்டின் கிழக்குச் சன்னலில் வைத்தேன். முதல் நாள் அது சாம்பல் நிறமாக இருந்தது. மூடியைத் திறக்க முடியாத நாற்றம். மூன்றாம் நாள் கசடு ஒரு விரற்கடை உயரத்துக்கு அடியில் தங்கிவிட, மேலே நின்ற நீரைப் பார்த்த அம்மா, "நல்லாத்தானே தெளிஞ்சிருக்கு" என்றார். பன்னிரண்டாம் நாள் அந்தத் தெளிந்த நீர் முழுவதும் பச்சையாகியிருந்தது.

கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறதா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். சுத்திகரித்த பிறகு அதில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதில்லை. வழக்கமான நிலையங்களில் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி பாக்டீரியாக்களை வளர்க்கிறார்கள். அவை கழிவிலுள்ள கரிமப் பொருளைத் தின்று பெருகிக் கசடாகப் படிய, மேல்நீர் வெளியேறுகிறது. நீரில் உயிர்வளி தீர்ந்து மீன்கள் சாவதை இது பெரிதும் தடுக்கிறது என்பதால் இந்த வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மலம், சிறுநீர், சலவைத்தூள் ஆகியவற்றிலிருந்து வரும் பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் கசடோடு பிரிகிறது; மற்றது கரைந்த நிலையிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிவிடுகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால், உலர்ந்த எடையில் ஏறத்தாழ 100 கிராம் பாசி வளர முடியும். ஆறு அதை அடித்துச் சென்றுவிடும், ஏரி வைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரையொட்டி, சுமார் 88 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாஷிங்டன் ஏரி இருக்கிறது. 1950களில் அதைச் சுற்றியிருந்த ஊர்கள் சுத்திகரித்த நீரைத்தான் அதில் விட்டன. இருந்தும் 1955இல் ஆசிலடோரியா ரூபெசென்ஸ் என்ற நீலப்பச்சைப் பாசி அங்கே தோன்றியது. அந்த ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட்மண்ட்சன், பாஸ்பரஸ் வரத்தை நிறுத்தினால் ஏரி மீளும் என்று எடுத்துச் சொன்னார். 1958இல் மக்கள் வாக்களித்து அதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுவதும் படிப்படியாகக் கடலை நோக்கித் திருப்பப்பட, ஏரி சில ஆண்டுகளிலேயே தெளிந்தது.

உதகைக்கு அந்த வழி இல்லை. மலையிலிருந்து இறங்கும் நீர் கீழே யாரோ ஒருவரின் குடிநீராகத்தான் போய்ச் சேரும். எனவே சுத்திகரிப்பின் இறுதிக் கட்டத்திலேயே பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க வேண்டும். இது எட்டாத தொழில்நுட்பமும் அல்ல: கலங்கிய குடிநீரில் நம் பாட்டிமார் கலக்கிய படிகாரத்தையோ, இரும்புக் குளோரைடையோ சேர்த்தால் பாஸ்பரஸ் கரையாத உப்பாக மாறிப் படிந்துவிடும். கசடு கூடும், செலவும் கூடும். அந்தச் செலவு ஏற்கத்தக்கது என்றே கருதுகிறேன். ஆண்டுதோறும் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையேற்றுவதற்கும் நாம் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதில் என்னை அதிகம் வருத்துவது ஏரியின் அடித்தளம். வாஷிங்டன் ஏரியின் அதிகபட்ச ஆழம் 60 மீட்டருக்கும் மேல். 1820களில் ஜான் சல்லிவன் ஓடைக்கு அணை கட்டி உருவாக்கிய நம் ஏரியோ ஆழமற்றது. பரப்பிலும் சுருங்கி, இன்றைய குதிரைப் பந்தயத் திடல், பேருந்து நிலையம் ஆகியவற்றின் பக்கமிருந்த நீர்ப்பரப்பை இழந்து, வண்டலும் சேர்ந்து நிற்கிறது. அந்த வண்டலில் இரும்போடு பிணைந்திருக்கும் பாஸ்பரஸ், அடியில் உயிர்வளி தீர்ந்ததும் விடுபட்டு மீண்டும் நீரில் கரைகிறது. ஆகவே கால்வாயை இன்றே சரிசெய்தாலும், தூர் வாராமல் ஏரி விரைவில் தெளிந்துவிடாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சன்னலில் இருந்த புட்டியின் பச்சை நீரை மட்டும் மெல்ல இறுத்துக் கொட்டிவிட்டு, அடிக்கசடைக் கலக்காமல் மழைநீரை நிரப்பி வைத்தேன். மூன்று வாரத்தில் அதுவும் பச்சையாகிவிட்டது.