0.9 வந்துவிட்டது, டியூபை எடுத்துவிடலாமா?

பாலிமயோசைட்டிஸ், டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோய்களோடு கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து ஜிப்மருக்கு வந்து வைசோலோனும் (ஸ்டீராய்டு மாத்திரை) மெத்தோட்ரெக்ஸேட்டும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கே பித்தப்பைக் கல் என்றால் அறுவை ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே நடந்துவிடலாம். அங்கே மயக்கம் கொடுத்து, தசை தளர்த்தும் மருந்து விட்டுவிட்டதா என்று மானிட்டரில் 0.9 என்ற எண்ணைப் பார்த்து மூச்சுக்குழாய் டியூபை எடுப்பவருக்காக இது.

முந்தின நாளே இரண்டு கேள்வி: "பஸ் படி ஏற முடியுதா? தண்ணி குடிச்சா மூக்குல வருதா?" மூக்கில் வந்தால் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கிறது, நுரையீரலுக்குள் புரையேறும் ஆபத்து உண்டு. சிபிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) ஆயிரக்கணக்கில் நின்றால் அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுங்கள்.

தசை தளர்த்தும் மருந்துகளில் (ரிலாக்ஸன்ட்) ஸ்கோலின் வேண்டாம். நல்ல தசையிலேயே அது ரத்தப் பொட்டாசியத்தை லிட்டருக்குச் சுமார் 0.5 மில்லிமோல் ஏற்றும். அழற்சியில் கெட்ட தசையில் எவ்வளவு ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வயிறு நிறைந்தவருக்கு அவசரமாக டியூப் போட வேண்டுமானால் ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி., பக்கத்தில் அதை முறிக்கும் சுகமாடெக்ஸ். மற்றபடி பாதி டோஸில் ஆரம்பியுங்கள்: கிலோவுக்கு ரோகுரோனியம் 0.3 மி.கி., அட்ராகுரியம் 0.25 மி.கி. சிலருக்கு வழக்கமான நேரத்தில் விடும், சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும். மக்னீசியமோ ஜென்டாமைசினோ சேர்ந்தால் இன்னும் இழுக்கும்.

அதனால் டிஓஎஃப் மானிட்டர் (கை நரம்பை வரிசையாக நாலு முறை தூண்டி, கட்டைவிரல் துடிப்பை அளப்பது) இல்லாமல் தொடங்கக் கூடாது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஸ்பிரிட் போட்டு வியர்வையைத் துடைத்து எலக்ட்ரோடு ஒட்டுங்கள். மயக்கிய பின், ரிலாக்ஸன்ட் போடும் முன் ஒரு அளவு எடுத்துக் குறித்துவையுங்கள். ஏசிக் குளிரில் கை 32 டிகிரிக்குக் கீழே போனால் அளவு பொய் சொல்லும், கையைப் போர்த்துங்கள். கண்ணால் பார்த்து 0.4-க்கு மேல் யாரும் வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை, எண் காட்டும் மானிட்டர்தான் வேண்டும்.

அந்த எண்ணும் முழு உண்மை இல்லை. நாலாவது துடிப்பை முதல் துடிப்பால் வகுத்ததுதான் அது. தசையே பலவீனமென்றால் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் 1 என்றே காட்டும். தவிர, நாம் பார்ப்பது கட்டைவிரலை. நோய் பிடித்திருப்பது தோள், இடுப்பு, கழுத்து, தொண்டையை. 0.9 வந்தால் மருந்து போய்விட்டது என்று மட்டுமே அர்த்தம், மூச்சுக்கும் விழுங்குவதற்கும் தெம்பு வந்துவிட்டது என்றல்ல. தலையை 5 விநாடி தூக்கச் சொல்லும் சோதனையும் இங்கே தனியாக உதவாது: அறுவைக்கு முன்பே கழுத்தைத் தூக்க முடியாதவர் இப்போது எப்படித் தூக்குவார்? முந்தின நாள் எவ்வளவு தூக்கினார், இருமல் எவ்வளவு பலம் என்று எழுதிவைத்திருந்தால் அதோடு ஒப்பிடலாம்.

ரிவர்சலுக்கு, அதாவது ரோகுரோனியத்தை முறிக்க, டிஓஎஃப்பில் இரண்டு துடிப்பு தெரிந்தால் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி., அதைவிட ஆழமென்றால் 4. அட்ராகுரியத்துக்கு அது பலிக்காது. நாலு துடிப்பும் வரும்வரை பொறுத்து நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.05 மி.கி., கூடவே கிளைகோபைரோலேட். சுகமாடெக்ஸ் விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ஒரு இரவு வென்டிலேட்டர் பில்லையும் பார்க்க வேண்டும்.

வைசோலோன் 5 மி.கி.யோ அதற்கு மேலோ ஒரு மாதமாக எடுப்பவருக்கு, மயக்கும்போதே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. டியூப் எடுத்ததும் தலைமாட்டை உயர்த்தி, அன்று இரவு வார்டுக்கு அனுப்பாமல் ஐசியூவில் வையுங்கள். விழுங்குவதைச் சோதித்த பிறகுதான் வாய்வழித் தண்ணீர்.