மாரிக்கென்று ஒரு சித்திரக் கொப்பி

ஐப்பசி பிறந்ததும் ஒரு சித்திரக் கொப்பியை மாரி காலத்துக்கென்றே ஒதுக்கினேன். இந்த மழை மாதங்களில் திருகோணமலையில் கண்ணில் படுவதையும் வீட்டில் தட்டுக்கு வருவதையும் நீர்வர்ணத்தில் கீறுவது, அதுவும் நேரில் பார்த்தே கீறுவது என்று வைத்துக்கொண்டேன். போனில் எடுத்த படத்தைப் பார்த்துக் கீறுவதில்லை. இப்போது கார்த்திகை விளக்கீடு முடிந்துவிட்டது, கொப்பியும் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. இதுவரை கைக்கு வந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரைக் கீறுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை வைகாசிக் கடலைத்தான் கீறுகிறார்கள். நீலத் தண்ணீர், நிலாவெளி மணல், புறாத்தீவு. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் உப்புவெளி விடுதிகள் வெறிச்சோடிவிடும், வள்ளங்களை மணலில் மேலே இழுத்துவிடுவார்கள். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. ஆனால் கந்தசஷ்டி, விளக்கீடு, திருவெம்பாவை எல்லாம் இந்த மாதங்களில்தான் வருகின்றன. தம்பலகாமம் வயல்களில் பெரும்போக விதைப்பும் இப்போதுதான். ஊர் தனக்காகவே வாழும் பருவம் இது என்பது என் எண்ணம். அதைக் கீறாமல் திருகோணமலையைக் கீறினேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் சாமான்கள். ஈரக் காற்று தாளைக் கெடுக்கும். நல்ல நீர்வர்ணத் தாளில் தண்ணீரை உடனே உறிஞ்சாதபடி ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். தாள் ஈரத்தில் கிடந்தால் அந்தப் பசை பலமிழந்து, வர்ணம் ஒற்றுத்தாளில் விழுந்ததுபோல உள்ளே இறங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும். ஆகவே தாள்களை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்துப் போட்டேன். சதுர மீற்றருக்கு 300 கிராம் வரும் பருத்தித் தாள் என்றால் நன்றாகத் தாங்குகிறது, அதிகம் சுருங்குவதில்லை. தேன் சேர்த்துச் செய்யும் வர்ணக் கட்டிகள் இந்தக் காற்றில் பிசுபிசுத்தபடியே இருக்கின்றன, வேலம்பிசினில் மட்டும் பிணைத்தவை பரவாயில்லை. எதுவானாலும் வேலை முடிந்த கையோடு பெட்டியை மூடக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். இரவு முழுக்க மின்விசிறிக் காற்றில் திறந்து வைத்துவிட்டுக் காலையில் மூடுகிறேன்.

ஆனால் இதே ஈரம்தான் இந்தக் கொப்பிக்குப் பெரிய உதவி. வெயில் காலத்தில் தாளை நனைத்து வானத்தைத் தொடங்கினால் கடலுக்கு வருமுன் மேற்பகுதி காய்ந்து விளிம்பு கட்டிவிடும். மாரியில் தாள் நெடுநேரம் நனைந்தபடி இருக்கும். மழை மேகத்தை இறக்கி, அதன் அடியைக் கடலுக்குள் கரையவிட்டு, நடுவில் ஒரு மழைத்தாரையைத் தூரிகையால் இழுத்துவிட முடிகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த தூரிகையை வைத்தால் வர்ணம் ஒதுங்கிப் பூக்கோவா மாதிரிப் பூத்துவிடும். தாளைச் சரித்துப் பார்த்து, மினுமினுப்பு இருக்கும்வரை தொடலாம். மினுமினுப்பு மங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். இதைக் கண் பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம்.

அப்புறம் சாம்பல் நிறம். கடைச் சாம்பல் குழாயை ஒதுக்கிவிட்டேன். அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ட் சியன்னாவும் கலந்தாலே எல்லாச் சாம்பலும் வரும்: நீலம் கூடினால் இடிமேகம், மண்ணிறம் கூடினால் நனைந்த மதில். அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கிப் பொருபொருவென்று படிவதால் மழைத் தூவானம் தானாகவே வந்துவிடுகிறது. டச்பே கரையில் நின்று பார்த்தால் கடல் ஒரே சாம்பலாகத் தெரியும். உட்கார்ந்து கீறினால்தான் பிரியும். அலை உடையும் இடத்தில் அரிசி கழுவிய தண்ணீரின் நிறம், அதற்கப்பால் பாசிப்பச்சை, அடிவானத்தில் கறுப்புக்கு முந்திய நீலம். மகாவலி சேறு கொண்டுவந்து சேரும் கொட்டியாரக் குடாவில் செம்மண் சாயம் கலந்திருக்கும். உட்துறைமுகம் அமைதியாக, மலைகளின் நிழலை வாங்கிக்கொண்டு கடும்பச்சையாக நிற்கும். ஒரே நாளில் ஒரே மழைக்குக் கீழே இத்தனை கடல்கள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் கோணமலைக்குப் பாடிய பதிகத்தின் முதற் பாட்டிலேயே கடல் இரைந்து முத்துகளைக் கரையில் ஒதுக்குகிறது. மலையுச்சிக் கோணேசர் கோயில் வாசலில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கும்போது அந்த இரைச்சல் காதை அடைக்கிறது. அதைத் தாளில் கொண்டுவர இன்னும் எனக்குத் தெரியவில்லை. பாறை அடியில் வெண்ணுரையைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, சுற்றிலும் இருட்டைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோயிலுக்கு ஏறும் வழியில் பிரெட்ரிக் கோட்டை. போர்த்துக்கீசர் 1624இல் கட்டியது. மழையில் அதன் கற்கள் கறுத்துப் பாசி பிடித்திருக்கும். புள்ளிமான்கள் ஆலமரத்தடியில் ஒதுங்கி நிற்கும். மானின் புள்ளிகளுக்கு வெள்ளை மெழுகுதிரி முனையால் முதலில் குற்றிவிட்டு மேலே மண்ணிறத்தைப் பூசினால் போதும், மெழுகு பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாது. தூறலுக்கும் இதே மெழுகுதான்.

இனிச் சாப்பாடு. கொப்பியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதான்.

மழை நாளில் வீட்டில் சிவப்பரிசி மா பிட்டு அவிப்பார்கள். நீத்துப்பெட்டியிலிருந்து கவிழ்த்ததும் ஆவி எழும்பும் அந்தச் சில நிமிடம்தான் எனக்கு வேண்டியது. ஆவியைக் கீற முடியாது. அதற்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கினால்தான் ஆவி தெரியும். பின்சுவர் நிறத்தை ஈரத்திலேயே துணியால் ஒற்றி எடுக்கிறேன். பிட்டின் மங்கிய செம்மைக்குப் பேர்ன்ட் சியன்னாவில் சொட்டு நீலம், தேங்காய்ப்பூவுக்கு வெறும் தாள். சாப்பாடு வருமுன்பே கோப்பைகளின் கோட்டைப் பென்சிலால் போட்டு வைத்துவிடுவேன், வந்ததும் நிறம் மட்டும். அப்படியும் அம்மம்மாவுக்குப் பொறுக்காது. "பிள்ளை, பிட்டு ஆறுது. கீறினது போதும், சாப்பிடு" என்பார்.

சொதி கீறுவதற்காகவே அதை வைக்கவும் பழகினேன். கப்பிப்பாலில், அதாவது தேங்காயின் பிந்திய ஐதான பாலில், வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயம், கறிவேப்பிலை போட்டு அவியவிட்டு, மீன் துண்டுகளைப் போட்டு, கடைசியில் முதற்பால். முதற்பால் விட்டபின் கொதிக்கவிட்டால் திரைந்துவிடும். நுரை கட்டி வரும்போதே இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபின் தேசிப்புளி விட வேண்டும். வைத்துப் பழகியபின் நிறமும் சரியாக வந்தது. சொதி வெறும் மஞ்சள் இல்லை. முதலில் மிக மெல்லிய மஞ்சள், அது ஈரமாக இருக்கும்போதே மிளகாய்ப் பச்சையைத் தொட்டுவிட்டால் அது கரைந்து ஓடி, பாலின் மேல் மிதப்பது போலவே நிற்கும். நண்டுக் கறிக்கு நேர்மாறான முறை. அது அடுக்கடுக்காகக் காயவிட்டு இருட்டாக்க வேண்டிய சமாச்சாரம், மாரியில் பொறுமையைச் சோதிக்கும். அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், எருமைத் தயிர்ச் சட்டியும் சுலபமாக வந்தன. மண்சட்டியின் நிறத்துக்குப் பேர்ன்ட் சியன்னா அப்படியே பொருந்துகிறது.

சூரன்போர் அன்று நீர்வர்ணத்துக்கே இடமில்லை, சனமும் மழையும். 6பி பென்சில் மட்டும் எடுத்துப் போனேன். சூரனின் தலை யானைமுகமாக, சிங்கமுகமாக மாறும் ஒவ்வொரு தரமும் சில கோடுகள்தான். தூக்குகிறவர்களின் தோள்களையும் முழங்கால்களையும் பிடித்தால் சூரன் தானாக ஆடுகிறான் என்பது அன்று விளங்கியது.

விளக்கீட்டுக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்தேன். வாசலில் வாழைக்குற்றி நட்டு மேலே விளக்கு, வளவைச் சுற்றிக் குச்சிகளில் எண்ணெய்த் துணி சுற்றிய பந்தங்கள், கிணற்றடியிலும் ஒன்று, விறாந்தை விளிம்பில் சிட்டி விளக்குகள். இருட்டியபின் வர்ணம் எது எதுவென்று தெரியாது. ஆகவே பகலிலேயே தாள் முழுக்க வெளிர் மஞ்சள் பூசிக் காயவைத்து, சுடர் வரப்போகும் இடங்களைக் குறித்துக்கொண்டேன். இரவில் இருட்டை மட்டும்தான் கீறினேன், இண்டிகோவும் பேர்ன்ட் சியன்னாவும் கலந்து. சுடரை நெருங்க நெருங்கத் தண்ணீரைக் கூட்டி இருட்டை இளக்கினால் ஒளி வட்டம் பரவுகிறது. சுடரைத் தொடவே இல்லை. நிலம் நனைந்திருந்ததால் ஒவ்வொரு பந்தத்துக்கும் கீழே ஒரு செம்மஞ்சள் கோடு நீண்டு கிடந்தது. மழையில்லாத ஊரில் விளக்கீட்டுக்கு இந்த இரண்டாவது வரிசை கிடைக்காது. கோயிலில் சொக்கப்பனை கொளுத்தியதைக் கீறவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது மார்கழித் திருவெம்பாவை. விடியுமுன் சங்கும் சேமக்கலமுமாய் ஒழுங்கையால் வருகிறவர்களைக் கீற நிறம் உதவாது. கரித்துண்டும் மங்கிய மண்ணிறத் தாளும் வாங்கியிருக்கிறேன். அதற்கிடையில் மழை ஒரு நாள் விட்டால் தம்பலகாமத்துக்குப் போக வேண்டும். முளைத்த நெல்லின் பச்சைக்குக் கடைப் பச்சை எதுவும் சரிவரவில்லை. எலுமிச்சை மஞ்சளில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பட்டை பட்டையாகப் பூசி வைத்திருக்கிறேன், வரம்பில் நின்று எது பொருந்துகிறது என்று பார்க்கலாம்.